குழலில் பிறந்து, வில்லில் ஏறி

ரஷ்ய இசையமைப்பாளர் செர்கேய் புரோகோஃபீவின் படைப்புகளை ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்ப்பவர்கள் ஓரிடத்தில் தடுக்கி நிற்பார்கள். அவருடைய இரண்டாம் வயலின் சொனாட்டா 1944-இல் அரங்கேறியது. முதலாம் வயலின் சொனாட்டா அரங்கேறியதோ 1946-இல். முதலாவதை அவர் 1938-இல் தொடங்கி, பாதியில் எடுத்து வைத்துவிட்டார். முடிக்க எட்டு ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் இரண்டாவது வந்து புகுந்துகொண்டது. அதைவிட வியப்பு, அந்த இரண்டாவது சொனாட்டா வயலினை மனத்தில் வைத்து எழுதப்படவே இல்லை. அது புல்லாங்குழலும் பியானோவும் சேர்ந்து வாசிப்பதற்காக, போர்க்காலத்தில், வீட்டை விட்டு வெகுதூரத்தில் இருந்த ஒருவர் எழுதியது.

டி மேஜரில் அமைந்த அந்தப் புல்லாங்குழல் சொனாட்டாவின் எண் ஓபஸ் 94. நான்கு பகுதிகள், வாசிக்க ஏறக்குறைய இருபத்து நான்கு நிமிடம். இன்று உலகில் பெரிய புல்லாங்குழல் கலைஞர் எவரும் இதைக் கடக்காமல் வந்திருக்க முடியாது. ஆனால் அது குழலின் சொத்தாக நிலைபெறுவதற்கு முன் வயலினின் தோளேறி நெடும்பயணம் போக வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தைச் சொல்ல எனக்கு ஆசை. ஒரு படைப்பை அதன் ஆசிரியரே தாராளமாக இன்னொரு வாத்தியத்துக்குக் கொடுத்தபோது, கொடுத்தவருக்கும் ஒன்றும் குறையவில்லை, பெற்றவருக்கும் நிறைந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

ரயிலேறிய இசை

1941 ஜூன் 22. ஜெர்மானியப் படைகள் சோவியத் எல்லைக்குள் நுழைந்தன. ஆகஸ்ட் மாதமே மாஸ்கோவின் கலைஞர்களை அரசு ரயிலேற்றித் தெற்கே அனுப்பத் தொடங்கியது. காகசஸ் மலையடிவாரத்திலுள்ள நால்சிக் நகருக்குப் போன அந்தக் கூட்டத்தில் புரோகோஃபீவ் இருந்தார். அவருடைய பழைய நண்பர், இசையமைப்பாளர் நிக்கோலாய் மியாஸ்கோவ்ஸ்கியும் இருந்தார். புரோகோஃபீவுடன் வந்தவர் மீரா மெண்டல்சன். அவருக்காக அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் புரோகோஃபீவ் மனைவி லீனாவையும் இரண்டு மகன்களையும் பிரிந்திருந்தார். அவர்கள் மூவரும் குண்டுவீச்சுக்கு நடுவே மாஸ்கோவில் இருந்தார்கள். அந்த ஆண்டுகளில் அவர் எழுதிய எதைக் கேட்டாலும் இந்த உண்மையை ஒதுக்கிவிட்டுக் கேட்க என்னால் முடிவதில்லை.

போர்முனை நெருங்க நெருங்கக் கலைஞர்களும் நகர்ந்தார்கள். நால்சிக்கிலிருந்து ஜார்ஜியாவின் திபிலிசி. அங்கிருந்து 1942 கோடையில் கஸகஸ்தானின் அல்மா-அட்டா. மாஸ்கோவிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தாலே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். மாஸ்கோ, லெனின்கிராட் நகரங்களின் பெரிய திரைப்பட நிறுவனங்கள் இடம்பெயர்ந்து அங்கேதான் ஒன்றாகச் செயல்பட்டன. இயக்குநர் செர்கேய் ஐசன்ஸ்டைன் 'இவான் தி டெரிபிள்' படத்தை அங்கே எடுத்துக்கொண்டிருந்தார். பகலில் மின்சாரம் போர்த் தளவாடத் தொழிற்சாலைகளுக்குப் போய்விடும், படப்பிடிப்பு இரவில்தான். அந்தப் படத்துக்கு இசையமைக்கவே புரோகோஃபீவ் வந்திருந்தார்.

கையில் வேலைக்குக் குறைவில்லை. டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலை ஓபராவாக்கும் பெரும்பணி ஒருபுறம். கிரோவ் அரங்கத்துக்காக 'சிண்ட்ரெல்லா' பாலே இன்னொருபுறம். திரைப்பட இசை வேறு. அவற்றுக்கு இடையே, 1942 செப்டம்பரில், ஒரு புல்லாங்குழல் சொனாட்டாவை எழுத உட்கார்ந்தார். அரசின் கலை விவகாரக் குழு அதற்கு ஏற்பாடு செய்திருந்தது.

அந்த மாதத்தில் ஸ்டாலின்கிராடில் தெருவுக்குத் தெரு சண்டை நடந்துகொண்டிருந்தது. லெனின்கிராட் ஓராண்டாக முற்றுகைக்குள் பட்டினி கிடந்தது. அப்போது நாடு இசையமைப்பாளர்களிடம் எதிர்பார்த்தது வீரத்தையும் துக்கத்தையும் பேசும் பேரோசையை. அந்தத் தேவையை ஷோஸ்டகோவிச்சின் ஏழாம் சிம்பொனி நிறைவேற்றிக்கொண்டிருந்தது. முற்றுகைக்குள் இருந்த லெனின்கிராடிலேயே 1942 ஆகஸ்டில் அதை வாசித்துக் காட்டினார்கள். இத்தகைய நேரத்தில் ஒரு புல்லாங்குழலுக்கு எழுதுவது காலத்துக்குப் பொருந்தாத வேலைதான், ஆனால் மனத்துக்கு இதமாக இருக்கிறது என்ற பொருளில் புரோகோஃபீவே கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார்.

இதைத் தப்பித்தல் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் போரை எழுதாமல் விட்டவரில்லை. பெரும் இடிமுழக்கமாக ஒலிக்கும் ஏழாம் பியானோ சொனாட்டாவை அதே 1942-இல்தான் முடித்தார். அந்தக் கையே அதே ஆண்டில் குழலுக்கும் எழுதியது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த மனிதரின் அந்த ஆண்டு முழுதாகப் புரியும். ஊர் எரியும்போதும் தெளிவு என்றால் என்ன, சமநிலை என்றால் என்ன என்று நினைவில் வைத்திருக்க ஒருவர் வேண்டாமா? 1917-இல், ரஷ்யப் புரட்சி நடந்த அதே ஆண்டில், ஹைடனின் முறையைப் பின்பற்றி 'கிளாசிக்கல் சிம்பொனி' எழுதியவரும் இவரே. அதுவும் டி மேஜர்தான். உலகம் குலுங்கும்போதெல்லாம் இந்த வெளிச்சமான சுருதிக்கு அவர் திரும்பி வந்திருக்கிறார்.

குழலுக்கு ஏன்?

புரோகோஃபீவ் காலத்து மேற்கத்தியப் புல்லாங்குழல் நம் மூங்கில் குழலைப் போன்றதல்ல. 1847-இல் ஜெர்மனியின் தியோபால்ட் போம் வடிவமைத்த உலோகக் குழலின் வழி வந்தது. துளைகளை விரல் நேரடியாக மூடுவதில்லை. சாவிகள் மூடித் திறக்கின்றன. அதனால் எந்தச் சுருதியிலும் வேகமாக ஓட முடியும், பெரிய அரங்கிலும் ஒலிக்கும். வாத்தியம் இவ்வளவு வளர்ந்திருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய இசையமைப்பாளர்கள் குழலை ஆர்கெஸ்ட்ராவுக்குள் மட்டும் வைத்துக்கொண்டார்கள். வயலினுக்கு பீத்தோவன் பத்து சொனாட்டாக்களும் பிராம்ஸ் மூன்றும் எழுதினார்கள். குழலுக்கு அவர்கள் எழுதிய பெரிய சொனாட்டா ஒன்றுகூட இல்லை. ஷூபர்ட்டின் ஒரு வேரியேஷன் தொகுப்பு, கார்ல் ரைனெக்கெயின் 'உண்டீன்' சொனாட்டா என்று சிலவற்றை வைத்துக்கொண்டுதான் குழல் கலைஞர்கள் கச்சேரி செய்தார்கள்.

இந்த வாத்தியத்தை யாரும் போதிய அளவு கவனிக்கவில்லை என்ற எண்ணம் புரோகோஃபீவுக்கு நெடுநாளாக இருந்தது. அவர் அதைக் கவனித்தவர்தான். 1936-இல் குழந்தைகளுக்காக எழுதிய 'பீட்டரும் ஓநாயும்' கதையில் பறவைக்கு அவர் கொடுத்த குரல் புல்லாங்குழல். ஆனால் அங்கே குழல் பறவையாக மட்டும் இருந்தது. சிறகடித்தது, ஓநாயைச் சீண்டியது. இப்போது அதற்கு ஒரு முழு மனிதரின் பேச்சைக் கொடுக்க நினைத்தார்.

அந்த விருப்பம் அவருக்கு மட்டும் வந்ததல்ல என்பது இன்று திரும்பிப் பார்க்கும்போது தெரிகிறது. 1936-இல் ஹிண்டமித் குழல் சொனாட்டா எழுதினார். 1943-இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிசில், இளைஞர் ஆன்ரி டியூட்டியே ஒரு சொனாட்டினா எழுதினார். 1945-இல், போரால் அமெரிக்காவுக்குப் போயிருந்த செக் இசையமைப்பாளர் மார்ட்டினூ ஒரு சொனாட்டா எழுதினார். 1957-இல் பூலாங்க் எழுதினார். இன்று குழல் மாணவர்கள் வாசிக்கும் முக்கியப் படைப்புகளில் பலவும் ஏறக்குறைய இருபதே ஆண்டுகளில், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள முடியாத நாடுகளில் பிறந்தவை.

பெர்மிலிருந்து மாஸ்கோவுக்கு

தொடங்கிய சொனாட்டா உடனே முடிந்துவிடவில்லை. 1943 கோடையில் புரோகோஃபீவ் மீண்டும் இடம் மாறினார். இம்முறை யூரல் மலைப்பகுதியிலுள்ள பெர்ம் நகரம். அப்போது அதற்கு மோலோடோவ் என்று பெயர். முற்றுகைக்கு உள்ளான லெனின்கிராடிலிருந்து கிரோவ் அரங்கம் தன் நடனக் கலைஞர்களோடும் ஆர்கெஸ்ட்ராவோடும் அங்கே குடிபெயர்ந்திருந்தது. 'சிண்ட்ரெல்லா' வேலைக்காக அங்கே போனவர், அதன் ஊடே குழல் சொனாட்டாவையும் முடித்தார். ஆசிய மலையடிவாரத்தில் தொடங்கி ஐரோப்பாவின் விளிம்பில் முடிந்த படைப்பு, கையெழுத்துப் படியாக அவரோடு அந்த இலையுதிர்காலத்தில் மாஸ்கோ திரும்பியது.

1943 டிசம்பர் 7-இல் மாஸ்கோவில் அரங்கேற்றம். குழல் வாசித்தவர் நிக்கோலாய் கார்கோவ்ஸ்கி. பியானோவில் ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டர். ரிக்டருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அந்த ஆண்டின் ஜனவரியில்தான் புரோகோஃபீவின் ஏழாம் பியானோ சொனாட்டாவை முதன்முதலாக வாசித்திருந்தார். அந்தப் புயலை வாசித்த கைகளே அதே ஆண்டின் முடிவில் இந்தத் தெளிந்த நீரோடையையும் வாசித்தன.

நான்கு பகுதிகள்

முதல் பகுதி மிதமான நடையில் தொடங்குகிறது. முன்னுரை ஏதுமில்லை, முதல் நொடியிலேயே குழல் பாடத் தொடங்கிவிடுகிறது. நீண்ட, அமைதியான மெட்டு. கேட்டவுடன் பழகியது போலிருக்கும். ஆனால் சில அளவுகள் போனதும் காலடியில் தரை லேசாக நகர்கிறது. இசை தொடர்பில்லாத ஒரு சுருதிக்கு வழுக்கிப் போய், ஒன்றுமே நடக்காதது போல டி மேஜருக்குத் திரும்பி நிற்கிறது. புரோகோஃபீவின் முத்திரை இது. பழைய இலக்கணத்தை அவர் மீறுவதில்லை. அதற்குள் நின்றுகொண்டே நம்மைச் சட்டென்று வேறு ஓரிடத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்.

இரண்டாவது மெட்டு சற்றே துள்ளலோடு வருகிறது. பிறகு நடுப்பகுதி. அங்கே குழல் ஒரே ஸ்வரத்தைக் கூர்மையாக, அடுத்தடுத்துத் தட்டுகிறது. அதில் ராணுவ முரசைக் கேட்பவர்கள் உண்டு. போர் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத இந்த இசையில், வெளியே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கிறது என்பதை அந்த ஓரிடம் காட்டிவிடுகிறது. குழல் கலைஞருக்கும் இங்கேதான் முதல் சோதனை. வழக்கமாகக் குழலின் உச்சி என்று கொள்ளும் ஸி ஸ்வரத்தையும் தாண்டி, அதற்கு மேலுள்ள டி-யைத் தொட வேண்டும். பிடிக்கக் கடினம்; பிடித்தாலும் கீச்சிடாமல் பாட வைப்பது அதைவிடக் கடினம். அதை அழகாக வாசித்தவரைக் குழல் மாணவர்கள் பெயர் சொல்லி நினைவில் வைத்திருப்பார்கள்.

இரண்டாம் பகுதி ஷெர்ட்ஸோ. விரைவு நடை, ஏ மைனர். மூன்று எண்ணிக்கைத் தாளம்தான், ஆனால் அழுத்தங்கள் விழும் இடத்தைக் கேட்டால் இரண்டா மூன்றா என்று குழப்பம் வரும். குழலும் பியானோவும் ஒருவரையொருவர் துரத்துகிறார்கள், நடுவில் ஒரு மெதுவான பகுதி மூச்சுவிட இடம் தருகிறது, மறுபடியும் ஓட்டம். மூன்றாம் பகுதி நான்கிலும் சிறியது. எஃப் மேஜரில் எளிமையான ஒரு பாட்டு. நடுவே மூன்று மூன்றாகச் சுருண்டு வரும் ஸ்வரங்கள் மெட்டைக் கொஞ்சம் மங்கலாக்கி, கேட்பவரைக் கனவுக்குள் இழுத்துப் போகின்றன. அமெரிக்காவிலும் பாரிசிலும் பல ஆண்டுகள் வாழ்ந்த புரோகோஃபீவ் அங்கே கேட்ட ஜாஸின் சாயல் இதில் இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் கேட்கிறது.

நான்காம் பகுதியில் இசை தோளை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறது. உற்சாகமான அணிநடை. இடையே ஓரிடத்தில் பியானோ, விரல்பயிற்சி செய்யும் மாணவரைப் போல மேலும் கீழும் ஓடும். அதற்கு நடுவே எங்கிருந்தோ ஒரு பரந்த, ஏக்கமான மெட்டு எழுகிறது. எனக்கு இந்த முழுப் படைப்பிலும் மிகப் பிடித்த இடம் இதுதான். அதற்குப் பிறகு வரும் வெற்றிகரமான முடிவு, அந்த ஏக்கத்தைக் கடந்து வந்ததால்தான் வெறும் ஆரவாரமாக இல்லை.

ஓய்ஸ்ட்ராக் வருகிறார்

வயலின் கலைஞர் டேவிட் ஓய்ஸ்ட்ராக்குக்கும் புரோகோஃபீவுக்கும் இருந்த உறவு மோசமாகத் தொடங்கியது. 1927-இல் புரோகோஃபீவ் ஒடெஸா நகருக்கு வந்தபோது அவரைப் பாராட்டி ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். பதினெட்டு வயது ஓய்ஸ்ட்ராக், அவருடைய முதலாம் வயலின் கான்செர்ட்டோவிலிருந்து ஷெர்ட்ஸோவை வாசித்தார். கூட்டம் கைதட்டியது. புரோகோஃபீவின் முகமோ இறுகிக்கொண்டே போனது. வாசித்து முடித்ததும் மேடையேறி வந்து, இதை வாசிக்க வேண்டிய முறையே இதுவல்ல என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, பியானோவில் உட்கார்ந்து விளக்கத் தொடங்கிவிட்டார். இந்தச் சம்பவத்தைப் பின்னாளில் எழுதி வைத்தவர் ஓய்ஸ்ட்ராக்கேதான்.

அந்த இளைஞர் மனமுடைந்து போகவில்லை. 1937-இல் பிரஸ்ஸல்ஸ் சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு வாங்கி உலகப் புகழ் பெற்றார். புரோகோஃபீவும் சோவியத் நாட்டுக்குத் திரும்பியிருந்தார். இருவரையும் நெருக்கமாக்கியது சதுரங்கம். இளமையில் கபாப்ளாங்காவையே ஒருமுறை தோற்கடித்தவர் புரோகோஃபீவ்; அந்த உலகப் பெரும் ஆட்டக்காரர் ஒரே நேரத்தில் பலரோடு ஆடிய நிகழ்ச்சியில் அது நடந்தது. 1937-இல் மாஸ்கோவில் புரோகோஃபீவும் ஓய்ஸ்ட்ராக்கும் பார்வையாளர்கள் முன் சதுரங்கப் போட்டியே நடத்தினார்கள்.

குழல் சொனாட்டா அரங்கேறியபின் அதை வயலினிலும் வாசிக்க விரும்பியவர் இந்த நண்பர்தான். இது வயலினிலும் நன்றாக ஒலிக்கும், அப்படி வந்தால் மேடையில் இன்னும் நிறைந்த வாழ்வு பெறும் என்று புரோகோஃபீவிடம் சொன்னார். புரோகோஃபீவ் யோசித்துத் தயங்கவில்லை. இருவரும் வேலை செய்த முறையையும் ஓய்ஸ்ட்ராக் எழுதியிருக்கிறார். மாற்ற வேண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு மூன்று மாற்று வடிவங்களை ஓய்ஸ்ட்ராக் எழுதி, எண்ணிட்டுக் கொண்டுபோவார். புரோகோஃபீவ் பென்சிலை எடுத்து, பிடித்ததைக் குறிப்பார். வேண்டிய இடத்தில் திருத்துவார். அவ்வளவுதான். வேலை விரைவாக முடிந்தது.

1944 ஜூன் 17-இல் மாஸ்கோவில் ஓய்ஸ்ட்ராக்கும் பியானோ கலைஞர் லெவ் ஒபோரினும் அதை அரங்கேற்றினார்கள். 1927-இல் வார்சாவில் நடந்த முதல் ஷோப்பான் போட்டியில் வென்றவர் ஒபோரின். படைப்புக்கு இப்போது புதிய எண்: ஓபஸ் 94 பிஸ். புதிய பெயர்: இரண்டாம் வயலின் சொனாட்டா.

எது மாறியது, எது மாறவில்லை

முதலில் மாறாததைச் சொல்ல வேண்டும். பியானோ பகுதியில் கை வைக்கவே இல்லை. நான்கு பகுதிகளின் வரிசை, மெட்டுகள், சுருதிகள், கட்டமைப்பு எல்லாம் அப்படியே நிற்கின்றன. மாறியது மேல்வரி மட்டும், அதுவும் ஆங்காங்கே.

வயலினில் இரண்டு தந்திகளை ஒருசேர இழுக்கலாம். வில்லை விட்டு விரலால் சுண்டலாம். தந்தியை அரைகுறையாகத் தொட்டுச் சீழ்க்கை போன்ற மேல் ஒலியை எழுப்பலாம். ஒரே மூச்சில் இத்தனை ஸ்வரம்தான் என்ற கட்டுப்பாடு வில்லுக்குக் கிடையாது. இந்த வசதிகளைச் சில இடங்களில் பயன்படுத்திக்கொண்டார்கள். சில வரிகள் வேறு ஸ்தாயிக்கு நகர்ந்தன. வில்லுக்கு ஏற்றபடி அழுத்தங்களும் இணைப்புகளும் புதிதாக எழுதப்பட்டன.

ஆனால் கேட்கும்போது வேறுபாடு இந்தக் கணக்கைவிடப் பெரியது. ஷெர்ட்ஸோவில் குழல் சிரித்துக்கொண்டு ஓடிய இடத்தில் வயலின் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறது. கடைசிப் பகுதியின் அணிநடையில் வில்லின் கனம் தரையை அதிர வைக்கிறது. முதல் பகுதியின் முரசுத் தட்டல் இன்னும் கூர்மையாகிறது. குழலில் வெளிச்சமாக இருந்த படைப்புக்கு வயலினில் நிழலும் சேர்கிறது. இரண்டும் புரோகோஃபீவ் சம்மதித்தவைதான். இரண்டிலும் அவருடைய பென்சில் குறி இருக்கிறது. ஒன்றை மூலம் என்றும் மற்றதை நகல் என்றும் பிரித்துவிட முடியாது.

வயலின் கலைஞர்கள் இதை உடனே எடுத்துக்கொண்டார்கள். புரோகோஃபீவின் முதலாம் வயலின் கான்செர்ட்டோவை 1920-களிலிருந்தே உலகெங்கும் கொண்டுபோனவர் ஹங்கேரியரான ஜோசப் சிகெட்டி. அவரே அமெரிக்காவில் இந்தச் சொனாட்டாவையும் வாசித்து ஒலிப்பதிவும் செய்தார். 1950-களில் மேற்குலகின் மேடைகள் ஓய்ஸ்ட்ராக்குக்குத் திறந்தபோது இதுவும் அவரோடு சென்றது. புரோகோஃபீவுக்கு அந்த நாள்களைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சியின் தீர்மானம் அவரையும் ஷோஸ்டகோவிச்சையும் பெயர் சொல்லிக் கண்டித்தது. அதே மாதம் லீனா கைது செய்யப்பட்டு, எட்டு ஆண்டுகளை முகாம்களில் கழித்தார். 1953 மார்ச் 5-இல், ஸ்டாலின் இறந்த அதே நாளில், புரோகோஃபீவ் இறந்தார். இறுதிச் சடங்கில் ஓய்ஸ்ட்ராக் வாசித்தது முதலாம் வயலின் சொனாட்டாவின் இரண்டு பகுதிகள். துக்கத்துக்கு அந்த இருண்ட சொனாட்டாதான் பொருத்தம். அதன் தம்பிக்கு வேறு வேலை இருந்தது.

திரும்பி வந்த வழி

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தனிக் குழல் கச்சேரிக்குப் பெரிய அரங்கங்களில் இடம் பிடித்துக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் பிரான்சின் ழான்-பியேர் ராம்பால். அவர் புரோகோஃபீவின் சொனாட்டாவை வாசித்தார், ஒலிப்பதிவு செய்தார், அமெரிக்காவில் வெளியான ஒரு பதிப்பையும் செப்பனிட்டார். அப்போது ஒரு கேள்வி எழுந்தது; இன்றுவரை குழல் வகுப்புகளில் பேசப்படுகிறது. ஓய்ஸ்ட்ராக்குக்காகப் புரோகோஃபீவ் செய்த மாற்றங்களில் குழலால் வாசிக்க முடிந்தவற்றைக் குழல் வரியில் சேர்த்துக்கொள்ளலாமா? ராம்பால் உள்ளிட்ட பலர் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். வயலினுக்குக் கடனாகப் போனது சிறிது வட்டியோடு திரும்பி வந்தது.

அதன்பின் படைப்பு இரண்டு கால்களிலும் நடந்தது. அமெரிக்க இசையமைப்பாளர் கென்ட் கெனன் அதை கிளாரினெட்டுக்கும் மாற்றியமைத்தார். 1975-இல் ஜேம்ஸ் கால்வே குழலிலும் மார்த்தா ஆர்கெரிச் பியானோவிலும் அதைப் பதிவு செய்தார்கள். அந்த இசைத்தட்டில் உடன் இடம்பெற்றது சேஸார் ஃபிராங்க் 1886-இல் வயலினுக்கு எழுதிய சொனாட்டா. அதைக் குழலுக்கு மாற்றி வாசித்தார் கால்வே. குழலிலிருந்து வயலினுக்குப் போன ஒன்றும், வயலினிலிருந்து குழலுக்கு வந்த ஒன்றும் ஒரே தட்டில்! 1990-களின் தொடக்கத்தில் அதே ஆர்கெரிச், கிடோன் கிரெமரோடு வயலின் வடிவத்தையும் பதிவு செய்தார்.

இதைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு இந்த இரண்டு பதிவுகளையும்தான் நான் சொல்வேன். பியானோ கலைஞர் ஒருவரே, பியானோ ஸ்வரங்களும் அவையே. மேல்வரியின் வாத்தியம் மாறியதும் அவருடைய விரல்கள் பதில் சொல்லும் விதமே மாறுகிறது. குழலுக்கு இடம்விட்டு வாசிப்பவர், வயலினோடு மோதி வாசிக்கிறார். சேம்பர் இசை என்பது இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்பது என்று நூறு பக்கம் எழுதினாலும் இவ்வளவு தெளிவாக விளக்க முடியாது.

குழல் வகுப்பின் கேள்விக்கு என் பதிலையும் சொல்லிவிடுகிறேன். குழல் கலைஞர்கள் 1943-இல் எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். வயலின் மாற்றங்கள் அழகானவை. ஆனால் அவை வில்லின் தேவைக்குப் பிறந்தவை. குழல் வரியில் ஒவ்வொரு சொற்றொடரும் ஒரு மனிதரின் மூச்சளவுக்கு எழுதப்பட்டிருக்கிறது. மெட்டு எங்கே ஏறி, எங்கே தளர்ந்து, எங்கே புதிதாகத் தொடங்குகிறது என்பதை நுரையீரல் தீர்மானிக்கிறது. முதல் பகுதியின் அந்த உச்ச டி ஸ்வரம் வயலினில் எளிது. குழலில் அதற்கு ஓர் உடம்பு முழுவதும் முயல வேண்டும், அந்த முயற்சியும் இசையின் ஒரு பகுதிதான். வயலின் கலைஞர்களும் தயங்காமல் தங்கள் வடிவத்தை முழு பலத்தோடு வாசிக்கட்டும். அது அவர்களுக்கு முறைப்படி கொடுக்கப்பட்டது.

புரோகோஃபீவ் தம் படைப்பைப் பூட்டி வைக்காததால்தான் இரண்டு வாத்தியங்களின் கலைஞர்கள் இன்று அதைத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்கிறார்கள். இருவர் சொல்வதும் சரி.